கூண்டுப் பறவை தேடித் தின்னட்டும்

எங்கள் வீட்டுக் காக்டெயில் (கொண்டை வைத்த சின்னக் கிளி) துரை தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போட ஆரம்பித்தபோது, இறகு உதிர்கிற காலம் என்றுதான் முதலில் நினைத்தேன். கூடத்தில் என் தையல் மிஷினுக்கு எதிரே, ஜன்னலோரம் அவன் கூண்டு. காலையில் பெருக்கும்போது சாம்பல் நிறச் சிற்றிறகு நாலைந்து கிடக்கும். ஒரே மாதத்தில் அது பத்து, பதினைந்து ஆயிற்று. நெஞ்சில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் தெரிந்தது. தானாக உதிர்ந்த இடமாக இருந்தால் புது இறகு முளைத்து வளர வேண்டும். இவன் முளைத்ததையும் பிடுங்கினான். ரத்தம் துளிர்த்த அன்று, மிஷினை மூடி வைத்துவிட்டு, துணி போர்த்திய கூடையில் அவனை வைத்து, நீடாமங்கலத்திலிருந்து பஸ் மாறி ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். இறகு, தோல், எச்சம் எல்லாம் பார்த்தார்கள். நோய் எதுவும் இல்லை. “நாள் முழுக்க இது என்னம்மா செய்யும்?” என்று டாக்டர் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் தைத்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு மணிக்குக் கிண்ணத்தில் தீனி போட்டேன். ஏழு இருபதுக்கெல்லாம் துரை வயிறு நிறைந்து கம்பில் ஏறி உட்கார்ந்துவிட்டான். அப்புறம் கம்பின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம், அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம். நடுவில் கூண்டுக் கம்பியைக் கவ்விக் கவ்வி விட்டான். பதினொன்றரைக்கு அலகை நெஞ்சில் விட்டான். அந்த வீட்டில் அவனுக்கென்று இருந்த ஒரே வேலை அதுதான்.

அன்றிலிருந்து தீனியைக் கிண்ணத்தில் மட்டும் கொட்டி வைப்பதை விட்டேன். இப்போது துரையும் நாலு பட்ஜிக் கிளியும் தங்கள் சாப்பாட்டில் பாதியைத் தேடி, கிழித்து, உருட்டித்தான் தின்கின்றன. நான் செய்ததை, தவறாகச் செய்தது உட்பட, எழுதுகிறேன். இதற்குக் கடையில் பொம்மை வாங்க வேண்டியதில்லை. கொல்லையில் ஒரு வாழையும் ஒரு தென்னையும் இருந்தால் போதும்.

காக்டெயிலும், நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லி வாங்குகிற பட்ஜியும் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவைகள். (லவ் பேர்ட் என்ற பெயருக்கு உரிய பறவை வேறு. அது ஆப்பிரிக்காவின் குட்டைவால் கிளி.) எங்கே மழை பெய்து புல் விதை பிடித்திருக்கிறதோ அங்கே கூட்டமாகப் போகும். தரையில் நடந்து, புல்லை வளைத்து, ஒவ்வொரு விதையாக உமி நீக்கித் தின்னும். அதற்காகவே அமைந்த அலகு, அதற்காகவே அமைந்த கால். அதைக் கூண்டில் விட்டு, உதிர்த்த தினையை மூக்குக்கு நேரே வைத்தால் வயிறு நிறையும், அலகுக்கும் காலுக்கும் வேலை இருக்காது.

இதைப் புரிந்துகொள்ள ஆஸ்திரேலியா போக வேண்டாம். கதிர் பால் பிடிக்கிற நாளில் என் அண்ணன் வயல் வரப்பில் உட்கார்ந்து சில்லைக் குருவியைப் பார்த்திருக்கிறேன். ஒரு காலால் தாளைப் பிடிக்கும், மறுகாலால் கதிரை இழுத்து அணைத்துக்கொள்ளும். கனம் தாங்காமல் தாள் வளைய, அதனோடு தலைகீழாகத் தொங்கும். ஒரு மணியை அலகில் வைத்து நசுக்கும், பக்கவாட்டில் வெள்ளையாகப் பால் கசியும், சக்கையைத் துப்பிவிட்டு அடுத்த மணிக்கு நகரும். ஒரு கதிரில் அது செலவிடும் நேரத்தில் என் பட்ஜி ஒரு கிண்ணத்தையே முடித்துவிடும்.

என் மகள் இதைப் பற்றித் தேடிப் படித்து இரண்டு விஷயம் சொன்னாள். 1963-இல் ஜென்சன் என்பவர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்திருக்கிறார். கிண்ணத்தில் தீனி சும்மாவே கிடக்கும்போதும், எலிகள் விசையை அழுத்தித் தீனி வரவழைத்துத் தின்றனவாம். பிறகு வேறு பல பிராணிகளிடமும் பறவைகளிடமும் இதையே பார்த்திருக்கிறார்கள். இன்னொன்று 2003-இல் வந்தது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் மீஹன் என்பவரும் கூட இருந்தவர்களும் ஆரஞ்சு இறக்கை அமேசான் கிளிகளை வைத்துச் செய்த ஆய்வு. தேடித் தின்ன வழி செய்து, ஏறி விளையாடப் பொருளும் வைத்த கிளிகளிடம் இறகு பிடுங்குவது குறைந்தது. இரண்டாவதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. துரையைத் திட்டியிருக்கிறேனே என்றிருந்தது.

தொடங்குமுன் தெரிய வேண்டியது

இதை அவசரப்பட்டுச் செய்தால் பறவை பட்டினி கிடக்கும். பட்ஜி 30 முதல் 40 கிராம் எடைதான் இருக்கும், காக்டெயில் 80 முதல் 110 கிராம். இவ்வளவு சின்ன உடம்பில் சேமிப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு நாள் முழுக்க ஒன்றும் தின்னாவிட்டாலே ஆபத்து. அதனால் ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதன்மேல் ஒரு சின்னக் கம்பை நிறுத்தி, காலையில் தீனிக்கு முன் பறவையை அதில் ஏற்றி எடையைக் காலண்டரில் எழுதுங்கள். பழக்குகிற நாட்களில் தினமும், அப்புறம் வாரம் ஒருமுறை போதும். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் எல்லா விளையாட்டையும் நிறுத்திவிட்டுக் கிண்ணத்துக்குத் திரும்புங்கள், டாக்டரையும் பாருங்கள்.

தராசு இல்லாத நாளில் எச்சத்தைப் பாருங்கள். தின்கிற பறவை நாள் முழுக்க எச்சமிடும். எண்ணிக்கை திடீரென்று குறைந்தாலோ, கெட்டிப் பகுதி கரும்பச்சையாகவும் சிறிதாகவும் ஆனாலோ வயிற்றில் தீனி இறங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உமியையும் கவனியுங்கள். பறவை வளர்க்கத் தொடங்குகிறவர்கள் பலரும் ஏமாறுவது இதில்தான். பட்ஜி தினையைத் தின்றுவிட்டு உமியை அதே கிண்ணத்தில் போடும். வெளியிலிருந்து பார்த்தால் கிண்ணம் நிறைந்தே இருக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மூன்று நாள் ஊருக்குப் போய்த் திரும்பியபோது, நிறைந்த கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே ஜோடி செத்துக் கிடந்தது. கிண்ணத்தைக் கையில் எடுத்து ஊதிப் பாருங்கள். உமி பறந்த பிறகு அடியில் இருப்பதுதான் தீனி.

நோய்ப்பட்ட பறவை, முட்டை இட்டிருக்கும் ஜோடி, குஞ்சுக்கு ஊட்டுகிற ஜோடி, கடையிலிருந்து நேற்று வந்த பறவை, இவற்றுக்கு இப்போது வேண்டாம். இறகு பிடுங்குகிற பறவையை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். தோல் நோயாலும் வயிற்றுக் கிருமியாலும்கூடப் பிடுங்கும். அதற்கு மருந்துதான் வேண்டும்.

முதல் வாரம்

பட்ஜிக்கு எளிது தட்டு. அது தரையில் மேய்கிற பறவை. விளிம்பு வைத்த எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கூண்டின் அடியில் வையுங்கள். கம்புக்கு நேர் கீழே வேண்டாம், எச்சம் விழும். வாழை இலையை விரல் அகலத்துக்குக் கிழித்துத் தட்டில் பரப்பி, மேலே ஒரு ஸ்பூன் தினை தூவுங்கள். முதல் இரண்டு நாள் தினை கண்ணில் படும்படி இருக்கட்டும். மூன்றாம் நாள் பாதியை இலைக்கு அடியில் தள்ளுங்கள். என் மஞ்சள் பட்ஜி மஞ்சு, மூன்றாம் நாளே இலைத்துண்டை அலகால் தூக்கிப் பின்பக்கம் எறியக் கற்றுக்கொண்டாள். மற்ற மூன்றும் அவளைப் பார்த்துக் கற்றன. இலைக்குப் பதில் கூழாங்கல்லும் போடலாம். வாயில் போகாத அளவுக்குப் பெரிய கல்லாக, கொதிநீரில் போட்டெடுத்ததாக இருக்க வேண்டும்.

காக்டெயில் பயந்த சுபாவம். புதுப் பொருளைக் கண்டால் கொண்டையை நட்டக்குத்தலாக நிறுத்தி உஸ் என்று சீறும். அதனால் எதையும் நேரே கூண்டுக்குள் வைக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் வெளியே, அது பார்க்கிற தூரத்தில் கிடக்கட்டும். நீங்கள் அதைக் கையில் எடுத்துப் புரட்டுங்கள், பேசுங்கள். கொண்டை தளர்ந்து சாய்ந்த பிறகு உள்ளே வையுங்கள். துரைக்கு நான் காகிதத்தில் தொடங்கினேன். தையலில் பேட்டர்ன் வெட்டுகிற பழுப்புத்தாளைக் கிண்ணத்தின்மேல் விரித்து, நடுவில் ஐந்து ரூபாய் நாணயம் அளவு ஓட்டை போட்டேன். ஓட்டை வழியாகத் தின்றான். மறுநாள் ஓட்டையைச் சின்னதாக்கினேன். இப்படியே போய், ஒன்பதாம் நாள் ஓட்டையே இல்லாத தாளைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனான். கிழிகிற சத்தம் கேட்டு மிஷினை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். தாளை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு, அலகில் பழுப்புத்துண்டோடு நின்றான். பளபளக்கும் தாள், மெழுகு பூசிய தாள், பின் அடித்த தாள், அச்சு மை நிறைந்த தாள் எதுவும் வேண்டாம்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த முதல் வாரம் முழுக்க வழக்கமான தீனி வழக்கமான கிண்ணத்தில் முழுசாக இருக்கட்டும். விளையாட்டில் வைப்பது கூடுதல் தீனி. இரண்டாம் வாரம் கால் பங்கை மாற்றுங்கள். எடை நிலையாக இருந்தால் ஒரு மாதத்தில் பாதி. பாதிக்கு மேல் நான் போனதே இல்லை, உங்களையும் போகச் சொல்ல மாட்டேன். அளவு கேட்பீர்கள்: பட்ஜிக்கு ஒரு நாளைக்குச் சுமார் இரண்டு தேக்கரண்டி விதை, காக்டெயிலுக்கு அதைவிடக் கூடுதலாக ஒரு மேசைக்கரண்டிக்குக் குறையாமல். கீரையும் காயும் இதற்குமேல்.

இலை மடிப்பு

எங்கள் வீட்டில் நாள்தோறும் நடப்பது இதுதான். உள்ளங்கை அளவு வாழை இலைத்துண்டை அடுப்புத் தணலில் ஒரு நொடி காட்டி வாட்டுங்கள். வாட்டாத இலை மடிக்கும்போது நரம்போடு கிழியும். ஆறியதும் நடுவில் அரை ஸ்பூன் தினை, மேலே இரண்டு சூரியகாந்தி விதை. வெற்றிலையில் பாக்கு வைத்து மடிக்கிற மாதிரி முக்கோணமாக மடித்து, ஈர்க்குச்சியால் இலை தைப்பதுபோல் உள்ளே விட்டு வெளியே எடுங்கள். குச்சியின் இரண்டு முனையையும் இலையோடு ஒட்ட வெட்டிவிடுங்கள். நீட்டிக்கொண்டு நின்றால் கண்ணில் குத்தும். முதல் நாலு நாள் மடிப்பை முழுசாக மூடாமல் சூரியகாந்தி விதை எட்டிப் பார்க்கும்படி விடுங்கள். அந்த விதைக்குக் காக்டெயில் எதையும் செய்யும். அதனாலேயே அதைக் கிண்ணத்தில் போடாதீர்கள். கொழுப்பு மிகுந்தது, பறவை அதை மட்டுமே பொறுக்கித் தின்று கொழுத்துவிடும். மடிப்புக்குள் இரண்டு, ஒரு நாளைக்கு மூன்று மடிப்பு, அவ்வளவுதான்.

மடிப்பைக் கூண்டுக் கம்பிக்கு நடுவே செருகுங்கள். ஒரு நாள் மேலே, ஒரு நாள் ஓரத்தில், ஒரு நாள் கம்புக்கு அடியில் தலைகீழாகத் தொங்கினால்தான் எட்டும்படி. மாலையில் மிச்சத்தை எடுத்து எறிந்துவிடுங்கள். பச்சை இலைக்குள் விதை ஒரு இரவு இருந்தால் மறுநாள் வியர்த்துப் புளித்துவிடும்.

வாழை இலை வீட்டு மரத்து இலையாக இருக்கட்டும். கடை இலையில் என்ன தெளித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. தென்னையிலும் இதே எச்சரிக்கை உண்டு. வண்டுக்கும் சிலந்திக்கும் வேர் வழியாக மருந்து கட்டிய மரத்தின் ஓலையையும் காயையும் பறவைக்குக் கொடுக்காதீர்கள். 2018-இல் கஜா புயல் எங்கள் கொல்லையில் நாலு மரத்தைச் சாய்த்தது. நின்ற ஒன்றுக்கு நான் மருந்தே கட்டவில்லை, அதனால் துரைக்கு அந்த மரம்தான்.

தென்னங்கீற்றை ஈர்க்கு நீக்கிவிட்டு, பிள்ளைகளுக்கு ஓலைப்பந்து முடைவீர்களே, அதே பந்தை எலுமிச்சை அளவில் முடையுங்கள். மடிப்பு இடுக்குகளில் தினையும் கேரட் துருவலும் அடையுங்கள். பட்ஜி இதைத் தரையில் உருட்டும், காக்டெயில் பிரித்துப் போடும். நெய்தது ஒரு காலைக்குத் தாங்கினால் நல்ல பந்து.

நெற்கதிர்

டெல்டாவில் இருக்கிற நமக்குக் கிடைத்த பெரிய வசதி இது. அந்தக் காலத்தில் அறுப்பு முடிந்ததும் புதுக் கதிரைக் கொத்தாகப் பின்னி வாசல் உத்தரத்தில் கட்டுவார்கள், சிட்டுக்குருவி வந்து கொத்தித் தின்னும். என் தாத்தா தாளை மூன்று புரியாகப் பிரித்துச் சடைபோலப் பின்னி, கதிர்கள் கீழே குஞ்சமாகத் தொங்க விடுவார். நான் அதையே சின்னதாகச் செய்கிறேன். பத்துப் பதினைந்து கதிர், நாலு விரல் நீளத் தாளோடு. தாளை நனைத்துப் பின்னினால் ஒடியாது. பின்னலின் தலையை அதன் தாளாலேயே முடிந்து, எவர்சில்வர் கொக்கியில் மாட்டிக் கூண்டின் கூரையிலிருந்து தொங்க விடுங்கள். பட்ஜி அதில் ஏறித் தொங்கும்போது, வரப்பில் பார்த்த சில்லையின் அதே பிடி, அதே வளைவு. ஒரு கொத்து நாலு பட்ஜிக்கு முழுக் காலைப் பொழுது வரும்.

குறுவைக் கதிர் புரட்டாசி வாக்கிலும், சம்பாக் கதிர் தை மாசியிலும் கிடைக்கும். பொங்கல் சமயத்தில் நாலு கொத்து சேர்த்து நன்றாகக் காயவைத்து, மூடிய டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் எந்த வயல் என்பது முக்கியம். என் அண்ணன் மேட்டுப்பக்கம் ஒரு மூலையை மருந்து அடிக்காமல் எனக்காக விட்டு வைக்கிறார். “குருவிக்காக ஒரு மூலையா தங்கச்சி?” என்று கேட்டாலும் ஒவ்வொரு போகமும் விடுகிறார். அப்படி ஆள் இல்லையென்றால் இயற்கை விவசாயம் செய்கிறவரிடம் கேட்டு வாங்குங்கள். களத்தில் கிடக்கிற கதிரைத் தெரியாமல் பொறுக்காதீர்கள். மருந்து கலந்த விதை நெல்லை எந்தக் காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். நாற்றங்காலுக்கு வாங்கியதில் ஒரு கை மிச்சம் இருந்தது என்று போட்டவர்கள் உண்டு. பூஞ்சைக்கொல்லி பூசிய விதை அது.

தினைக் கதிர் கிடைத்தால் பட்ஜிக்கு அதைவிடப் பிடித்தது இல்லை. வாங்கிய தினையில் ஒரு பிடியைக் கொல்லைப் பாத்தியில் தூவிப் பாருங்கள். எனக்கு மூன்று மாதத்தில் கதிர் வந்தது. அருகம்புல்லை விதையோடு வேரோடு பிடுங்கி, மண் போக அலசிக் கட்டாகத் தொங்க விடலாம். நாய் நடக்கிற இடத்துப் புல் வேண்டாம்.

கீரையையும் இப்படியே கட்டாகத் தொங்க விடுங்கள். முருங்கைக் கொத்து, கொத்தமல்லி, முளைக்கீரை நல்லது. நன்றாக அலசி, தண்ணீர் சொட்டச் சொட்ட மாட்டுங்கள். பட்ஜி ஈர இலைக்குள் புகுந்து உடம்பைத் தேய்த்துக் குளிக்கும். கத்திரி வெயில் நாளில் தின்பதைவிட அந்தக் குளியல்தான் அவற்றுக்குப் பெரிது.

கொட்டாங்கச்சியும் நூலும்

கொட்டாங்கச்சியைத் தேங்காய் சிறிதும் ஒட்டாமல் சுரண்டி, வெளி நாரை நீக்கி, விளிம்பைச் சொரசொரப்பான தரையில் தேய்த்து மழுக்குங்கள். கண் இருக்கிற பாதியில் மூன்று கண்ணில் மெல்லிய கண் சுலபமாகத் துளைபடும், அதில் கொக்கியை விட்டுத் தொங்க விடலாம். உள்ளே வாழைச்சருகைக் கசக்கி அடைத்து, அடியில் விதை. சருகை இழுத்து எறிந்தால்தான் விதை தெரியும். திறந்த கிண்ணம்போல் மேல்நோக்கி இருக்கட்டும். முழுத் தேங்காய் ஓட்டில் தலை நுழையும் அளவு ஓட்டை போட்டுத் தொங்க விட்டால் பட்ஜி அதைப் பொந்து என்று நினைக்கும். பெட்டை முட்டை வைக்கத் தொடங்கிவிடும். முட்டை அடைபட்டுச் சாகிற பெட்டைகள் உண்டு, அதனால் பொந்துபோன்ற எதுவும் வேண்டாம்.

மாட்டுகிற கம்பி எவர்சில்வராக இருக்க வேண்டும். நாகம் பூசிய கட்டுக்கம்பியைக் கடித்துக் கடித்தே பறவைக்கு விஷம் ஏறும். ஈயமும் அப்படித்தான்.

இனி நூல். தையல்காரியின் வீட்டில் துணித்துண்டுக்கு என்ன பஞ்சம்? நாலு நிறத் துண்டை முடிச்சுப் போட்டு, முடிச்சுக்குள் விதை வைத்துக் குஞ்சமாகத் தொங்க விட்டேன். அழகாக இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் கூண்டில் படபடவென்று சத்தம். துணி ஓரம் பிரிந்து வந்த ஒரு இழை மஞ்சுவின் காலில் மூன்று சுற்று சுற்றியிருந்தது. இழுக்க இழுக்க இறுகியிருந்தது. ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். துண்டால் அவளைப் போர்த்திப் பிடித்து, நூல் நறுக்குகிற சின்னக் கத்தரியால் வெட்டினேன். விரல் நீலம் பாரித்திருந்தது. நல்லவேளை, நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடம் கடைக்குப் போயிருந்தால் கால் போயிருக்கும். அன்றைக்கே எல்லாத் துணியையும் எடுத்தேன். துணி, நைலான், சணல் பிரி, பிரிந்த கயிறு எதுவும் கூண்டுக்குள் போகக் கூடாது. கட்ட வேண்டும் என்றால் வாழை நாரை அகலப் பட்டையாகவே, குட்டையாக எடுத்துக் கட்டுங்கள். இழுத்தால் அறுந்துவிடும்.

மழைக்காலமும் மற்றதும்

ஐப்பசி கார்த்திகையில் நம் ஊரில் உப்பு ஜாடியே நீர் விடும். அந்த இரண்டு மாதமும் சருகு, வைக்கோல், பழைய கதிர் எல்லாவற்றையும் நிறுத்துகிறேன். பூஞ்சை பிடித்த வைக்கோலின் தூளை மூச்சில் இழுத்தால் பறவையின் நுரையீரலிலும் காற்றறையிலும் பூஞ்சை வளரும், அதைக் குணமாக்குவது கடினம். கையில் எடுத்து மூக்கருகில் வைத்துப் பாருங்கள். களத்து வாசனை வந்தால் சரி, மக்கின வாசனை துளி வந்தாலும் அடுப்புக்குப் போகட்டும். அந்த நாட்களில் பழுப்புத்தாளும் ஓலைப்பந்தும் பச்சை இலை மடிப்புமே போதும். வெயில் நாளில் முளைகட்டிய பயறு, நறுக்கிய காய் எதுவானாலும் இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

ஐப்பசியிலேயே தீபாவளித் தையலும் வந்துவிடும். அப்போது எனக்குத் தினமும் மடிக்க நேரம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழுப்புத்தாளில் காய்ந்த விதையை வைத்து, மிட்டாய் சுற்றுவதுபோல் இரண்டு பக்கமும் முறுக்கி, இருபது பொட்டலம் டப்பாவில் போட்டுவிடுவேன். காலையில் மூன்றை எடுத்துச் செருக அரை நிமிடம் ஆகும். தீபாவளி அன்று மட்டும் ஒரு பொட்டலமும் கிடையாது. வெடிச் சத்தத்தில் மிரண்ட காக்டெயில் தேடாது, தீனி முழுக்கக் கிண்ணத்தில் இருக்கட்டும். இரவில் சின்ன விளக்கு ஒன்று எரியட்டும், இருட்டில் மிரண்டால் கூண்டில் அடித்துக்கொள்ளும்.

உள்ளே ஒளித்து வைக்கக் கூடாதவை: அவகேடோ, சாக்லேட், வெங்காயம், பூண்டு, உப்புப் போட்ட கடலை, மிக்சர், ஆப்பிள் விதை. தொங்க விடக் கூடாத கிளைகள்: அரளி, எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, உண்ணிச்செடி. கம்பு வேண்டுமானால் கொய்யாக் கிளையை வெட்டிக் கழுவி வையுங்கள், பட்டையை உரிப்பதே அவற்றுக்கு ஒரு வேலை. கூண்டு இருக்கிற அறையில் கொசுவத்தி வேண்டாம். நான்ஸ்டிக் தவா காய்ந்து புகைந்தால் அந்தப் புகையிலேயே பறவை சாகும்.

பச்சைக்கிளி வைத்திருக்கிறேன், அதற்கும் இதைச் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளியை வீட்டில் வளர்ப்பதே குற்றம். காற்றில் விழுந்த குஞ்சாக இருந்தாலும் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

துரையின் நெஞ்சில் இறகு வர ஏழு மாதம் ஆயிற்று. பெரும்பகுதி மூடிவிட்டது. நடுவில் பட்டாணி அளவுக்கு ஓர் இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. திரும்பத் திரும்பப் பிடுங்கிய இடத்தில் இறகு வேர் கெட்டிருக்கும் என்றார் டாக்டர். எனக்கு வேலை அதிகமாகி, மடிப்பை நாலைந்து நாள் விட்டால் அலகு மறுபடியும் அங்கேதான் போகிறது, அதனால் விடுவதில்லை. காலை ஏழு மணிக்கு வாழை இலையை வாட்டுகிற வாசனை வந்ததும் கம்பின் ஓரத்துக்கு ஓடி வந்து, கொண்டையை நிமிர்த்தி விசிலடிக்கிறான். பத்து மணிவாக்கில் கூண்டுக்குக் கீழே இலைத்துணுக்கும் ஈர்க்குச்சியும் தினை உமியுமாகக் கிடக்கும். மிஷினடியில் விழுந்த துணித்துண்டுகளோடு அதையும் சேர்த்துக் கூட்டி அள்ளுகிறேன்.